இருநூறு வாட் அணையா விளக்கு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் எனக்கு நிஜமாகத் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம்தான். அதுவும் மலாக்கா பக்கம் மஸ்ஜித் தானா ஊர் பஸ் நிறுத்தத்தில் கிடைத்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஜெயமணி அக்கா. அன்றைக்குத்தான் அறிமுகம். வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்து, வீட்டு மின்கட்டணத்துக்குப் போய், அங்கிருந்து திடீரென்று சொன்னார்: "எமர்ஜென்சி டைம்ல எங்க தோட்டத்துல முளைப்பாரிக்கு எலெக்ட்ரிக் லைட்டு போட்டு, சூடு தாங்காம அதுக்கு ஃபேன் வேற வச்சாங்க தம்பி. அப்புறம் போலீஸ் வந்துருச்சு."

நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய பஸ் வந்தது. கையை ஆட்டிக்கொண்டே ஏறிவிட்டார். எந்தத் தோட்டம், ஃபேன் வைத்தது யார், வந்த போலீஸ் என்ன செய்தது, ஒன்றும் தெரியாது. ஆக, இனி வரப்போவது எல்லாம் நான் அளக்கும் கதை. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஃபேக்டரி ஒன்றில் இருபத்தெட்டு வருஷம் ஏர்கோன், அதாவது ஏசி, பராமரித்தவன். ஒரு பத்திரிகை ஆசிரியர் என் கதைகளைத் திருப்பி அனுப்பும்போது, "மனிதர்களைவிடக் குழாய்கள் அதிகம்" என்று எழுதியிருந்தார். அவருக்கு இந்தக் கதையை அனுப்பப்போவதில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி:

'காடு கறுத்துக் கிடந்தது. தூரத்தில் எங்கோ ஒரு துப்பாக்கி—'

[நிறுத்திவிட்டேன். எமர்ஜென்சி என்றாலே எல்லாரும் துப்பாக்கியை வெடிக்கவிடுகிறார்கள். என் கதையில் வெடிப்பதற்கு ஒரு பல்புதான் இருக்கிறது.]

இரண்டாம் முயற்சி:

'கமலவேணியின் கண்களில் இரண்டு வருடத் துயரம்—'

[இதுவும் வேண்டாம். என் மனைவி பெரியநாயகி தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "கண்ணுல வருஷம் எப்படித் தெரியும்?" என்றாள். இந்த வீட்டில் எழுத்தாளன் பிழைப்பது கஷ்டம்.]

நேராகவே தொடங்குகிறேன்.

3

ஆண்டு 1952, மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட எமர்ஜென்சி காலம். இடம், சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். பெயர் வைக்கமாட்டேன், வைத்தால், "எங்க தோட்டத்துல அப்படியெல்லாம் நடக்கல" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள்.

காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள். அவர்களுக்கு அரிசி போய்விடக்கூடாது என்று அரசாங்கம் தொழிலாளிகளின் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டது. சின்னத் தோட்டங்களைக் காலி செய்து, ஆட்களைப் பெரிய தோட்டத்து வேலிக்குள் கொண்டுவந்து அடைத்தது. அப்படி லாரியில் வந்து இறங்கியவள்தான் கமலவேணி. அவளுடைய பழைய தோட்டம் ஒரு மைல் தள்ளி, ஓடைக்கரையில் இருந்தது. கிளம்ப இரண்டு நாள்தான் கெடு. சட்டிபானை ஏறியது, கோழி ஏறியது, தையல் மெஷினும் ஏறியது. ஓடைக்கரை மாரியம்மன் மட்டும் ஏறவில்லை. தரையோடு பதிந்த கல். பெயர்க்க நேரமும் இல்லை, பெயர்க்க யாருக்கும் மனசும் வரவில்லை.

இரண்டு வருஷமாக அங்கே ஒரு விளக்கு இல்லை, ஒரு சொம்புத் தண்ணீர் இல்லை. "நம்ம மட்டும் பத்திரமா வந்து உக்காந்துட்டோம், ஆத்தா காட்டுல தனியா இருக்கா" என்ற நினைப்பு கமலவேணியை விடவே இல்லை. திருவிழா வந்தது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. முளைப்பாரியை எடுத்துக்கொண்டு பெண்கள் வேலிக்கு வெளியே போக வேண்டும். அந்த ஓடைக்கரை அம்மனுக்குக் காட்டிவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே கரைத்துவிட்டு வரவேண்டும்.

இதில் ஒரு சிக்கல். முளைப்பாரி என்றால் ஒன்பது வகைத் தானியத்தைச் சட்டியில் விதைத்து, இருட்டறையில் ஒன்பது நாள் வளர்ப்பது. வேலிக்கு வெளியே ஒரு பிடி தானியத்தோடு பிடிபட்டாலும் சிறைதான்.

கேட்டில் போலீஸ் துரை உட்கார்ந்திருந்தார். வெள்ளைக்காரர், தமிழ் தெரியாது. ஸ்பெஷல் கான்ஸ்டபிள் தங்கையாதான் மொழிபெயர்த்தான். தமிழ்ப் பையன், அரைக்கால்சட்டை, ஆளைவிடப் பெரிய துப்பாக்கி. துரை நிறைய யோசித்தார். பிறகு மேசையிலிருந்த அடிக்கோலை எடுத்துத் தட்டித் தட்டி ஏதோ சொன்னார்.

"ஆறு அங்குலம் வளந்துருச்சுன்னா அது செடியாம்க்கா," என்றான் தங்கையா. "கொறஞ்சா சாப்பாடாம். இருபத்தொரு சட்டியில ஒண்ணு கொறஞ்சாலும் கேட்டு தொறக்க மாட்டாராம்."

"ஆத்தாளுக்கு அங்குலக் கணக்குப் போட இவரு யாருலா?"

"தொரைக்கா."



4

விதை போட்டாகிவிட்டது. வைக்க இடம்? தானியம் என்பதால் ஆறு மணிக்கு மேல் பூட்டிய ஸ்டோரில்தான் இருக்க வேண்டும் என்று உத்தரவு. பழைய அரிசி ஸ்டோர். சுவர், கூரை எல்லாம் தகரம். ஜன்னலுக்குப் பலகை அடித்திருந்தார்கள். சாவி காவல் கொட்டகையில்.

முளைப்பாரி அறைக்கு இரண்டு கட்டுப்பாடு. ஒன்று, ஆண்கள் எட்டிப் பார்க்கக்கூடாது. இரண்டு, உள்ளே ஏற்றிய விளக்கு ஒன்பது நாளும் அணையக்கூடாது. பூட்டிய ஸ்டோருக்குள் எண்ணெய் விளக்கு எரிய போலீஸ் விடவில்லை. தீப்பிடித்தால் யார் பதில் சொல்வது?

இங்கேதான் கமலவேணியின் புருஷன் அப்புசாமி கதைக்குள் வருகிறார். தோட்டத்து எஞ்சின் டிரைவர். பகலில் ரப்பர் மெஷினுக்கும் இரவில் வேலி விளக்குகளுக்கும் கரண்டு கொடுப்பது அவருடைய எஞ்சின்தான். தானாக எதையாவது கழற்றி மாட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"ஊருக்கே வெளிச்சம் போடுறவன், ஆத்தாளுக்கு மட்டும் கஞ்சத்தனம் பாக்கலாமா?" என்று சொல்லி, வேலிக்கு வைத்திருந்த இருநூறு வாட் பல்பு ஒன்றை ஒயரோடு மனைவி கையில் கொடுத்தார். அவள் உள்ளே கொண்டுபோய் உத்தரத்தில் தொங்கவிட்டாள். பல்பைத் தொடாமல் அதைச் சுற்றிக் கறுப்புத் துணி தொங்கவிட்டு, சட்டிகள் மேல் வெளிச்சம் படாமல் மறைத்தாள். அணையா விளக்கு ஆயிற்று, இருட்டும் ஆயிற்று.

[பல்பு ஒன்று என்று எழுதிவிட்டேனா? ஒன்றுதான். ஒன்றே போதும், பாருங்கள்.]

மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்தார்கள். உள்ளிருந்து ஆவி வந்தது. மேலே வெயிலில் காய்ந்த தகரம், நடுவில் இருநூறு வாட், கீழே ஈரமண். இரண்டு அங்குலம் வந்திருந்த முளை எல்லாம் தலையைத் தொங்கப் போட்டிருந்தது. விளக்குக்கு நேர்கீழே இருந்த சட்டியில் வெள்ளையாகப் பூஞ்சை. அது கமலவேணியின் சொந்தச் சட்டி.

அவள் எஞ்சின் ஷெட்டுக்குப் போன வேகத்தில் வழியில் நின்ற வாத்துகள் சிதறின.

"முளைப்பாரி கேட்டேன். இட்லி அவிச்சு வச்சிருக்கீங்க!"

* இந்த இடத்தில் இருசம்மாளை வில்லியாகக் கொண்டுவருவதாக இருந்தேன். பெரிய தோட்டத்துப் பழைய ஆள். வந்தேறிகள் தனக்கு முன்னால் முளைப்பாரி எடுக்கிறார்களே என்று பொருமுகிறவள். இரண்டு பக்கம் எழுதினேன். பொருமவே மாட்டேன் என்கிறாள். "எங்க கோயில் வாசல்லயே கரைச்சுட்டுப் போயேன் புள்ள, எந்த ஆத்தாளா இருந்தா என்னா?" என்று அன்பாகச் சொல்லிவிட்டாள். கமலவேணிக்கு அதுதான் அதிகமாக வலித்தது. அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.

5

பெரியநாயகி இதுவரை படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"விளக்க அணைக்கக்கூடாது, சரி. சின்ன பல்பா மாத்திப் போட்டிருக்கலாமே?"

நான் நான்காம் பகுதியைத் திரும்பப் புரட்டினேன்.

"பதினஞ்சு வாட் பல்பு ஒண்ணு போட்டா முடிஞ்சுது. சூடும் இல்ல, ஃபேனும் வேணாம்."

"அப்புசாமிக்கு அது தோணலை."

"அவருக்குத் தோணலையா, உங்களுக்குத் தோணலையா?"

[திருத்தம்: எஞ்சின் ஷெட்டில் வேலி விளக்குக்கான இருநூறு வாட் பல்புகளைத் தவிர வேறு எதுவும் கிடையாது. மலாக்கா டவுனுக்குப் போய் வாங்கிவர பாஸ் கிடைக்கவில்லை. இதை நான்காம் பகுதியில் நீங்களே சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.]

சரி, இப்போது எனக்குப் பிடித்த பகுதி. குழாய்கள் வருகின்றன. பிடிக்காதவர்கள் ஆறுக்குத் தாவலாம்.

அப்புசாமி ஸ்டோருக்குள் நுழைய முடியாது, எட்டியும் பார்க்க முடியாது. அதனால் அவர் தகரச் சுவருக்கு இந்தப் பக்கம், மனைவி அந்தப் பக்கம். இருபது வருஷத் தாம்பத்தியத்தில் இருவரும் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது இதுவே முதல் தடவை.

முதலில் ஆபீஸ் கிராணியிடம், அதாவது குமாஸ்தாவிடம், கெஞ்சி வாங்கிய ஒரு மேசை ஃபேன் உள்ளே போனது.

"எப்படி இருக்கு?"

"சூடு இப்ப சுத்தி சுத்தி வருது."

அப்புசாமி தலையில் கைவைத்துக்கொண்டார். நானும் ஃபேக்டரியில் புதிதாக வந்த எத்தனையோ பேருக்குத் தலையில் அடித்துக்கொண்டு சொன்ன பாடம் இது. உள்ளே இருக்கும் காற்றையே கலக்கிக்கொண்டிருந்தால் என்ன பிரயோஜனம்? சூட்டுக்கு வெளியே போக ஒரு வழி, குளிர்ச்சிக்கு உள்ளே வர ஒரு வழி. போகிற வழி மேலே, வருகிற வழி கீழே. அவ்வளவுதான் சாஸ்திரம்.

"எஞ்சினுக்குப் புகைக்குழா இருக்குல்ல, அந்த மாதிரி லைட்டுக்கும் வைக்கணும் புள்ள. சொல்றதக் கேளு."

நான்காம் நாள் காலை, ஒரு மண்ணெண்ணெய் டின்னின் அடியை வெட்டி, அதைப் பல்புக்குத் தொப்பி மாதிரிக் கவிழ்த்தார்கள். டின்னின் மேல்பக்கம் ஓட்டை போட்டு, பழைய எஞ்சின் புகைக்குழாய் ஒன்றைச் செருகி, கூரைக்கு வெளியே விட்டார்கள். பல்பின் சூடு அறையைத் தொடாமலே அந்த வழியாகப் போய்விடும். குழாயின் வாயில், கூரைக்கு மேலே, கிராணியின் ஃபேனைப் படுக்கவைத்துக் கட்டினார் அப்புசாமி. உள்ளே ஊதாமல் வெளியே இழுக்கும்படி. நிழல் விழும் பக்கத்தில், தரையை ஒட்டித் தகரத்தில் ஒரு சாண் அகல ஓட்டை. அதன் மேல் தண்ணீரில் நனைத்த கோணிச்சாக்கு.

"இப்ப?"

அப்புசாமி தகரத்தில் தட்டினார்.

"கமலா, இப்ப எப்படி?"

"சும்மா இருங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "காத்து வருது. கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரேன்."

பூஞ்சை பிடித்த சட்டியை அவள் தூக்கிப் போடவில்லை. கெட்டதைக் கிள்ளி எடுத்துவிட்டு, தன் பங்கு ரேஷனில் மிச்சமிருந்த பச்சைப்பயறு ஒரு பிடியை அதில் விதைத்தாள். மற்ற இருபதும் மூன்று நாள் பிள்ளைகள். இது அன்றைக்குப் பிறந்தது.

6

ஐந்தாம் நாள் மாலை, பொழுது சாயும் நேரம். காவல் கோபுரத்தில் நின்ற தங்கையா, ஸ்டோர் கூரையில் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தான். அது மினுக் மினுக்கென்று விட்டுவிட்டு எரிந்தது. காட்டைப் பார்த்த பக்கம்.

உங்களுக்குப் புரிந்திருக்கும். குழாய்க்குள் பல்பு, குழாய் வாயில் சுற்றும் ஃபேன். வெளிச்சத்தை இறக்கைகள் வெட்டி வெட்டி அனுப்புகின்றன. ஆனால் தங்கையா ஏர்கோன் படித்தவன் இல்லை. காட்டிலிருப்பவர்களுக்கு யாரோ சமிக்ஞை கொடுக்கிறார்கள் என்று விசிலை ஊதிவிட்டான்.

துரை வந்தார். பின்னால் ஆறு துப்பாக்கி. ஸ்டோர் வாசலில் கமலவேணி குறுக்கே நின்றாள்.

"ஆம்பளைங்க உள்ள போகக்கூடாதுன்னு சொல்லு தங்கையா."

"அக்கா, அவங்க போலீஸ்க்கா."

"போலீஸ் ஆம்பளை இல்லியா?"

தங்கையா இதை எப்படி மொழிபெயர்த்தான் என்று தெரியவில்லை. துரையின் முகம் சிவந்தது. எனக்கே பயமாகத்தான் இருந்தது. அந்தக் காலத்தில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் ஆட்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். போனவர்களில் எல்லாரும் திரும்பியதில்லை. [இங்கே ஒரு வேடிக்கை எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன்.]

அப்புசாமிதான் கும்பிட்டுக்கொண்டே முன்னால் வந்து, கீழே இருந்த ஓட்டையைக் காட்டினார். உள்ளே போகாமல் வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாமே? துரை ஒரு நிமிஷம் நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றித் தங்கையாவிடம் கொடுத்துவிட்டு, மண்ணில் குப்புறப் படுத்து, கோணியை விலக்கி, டார்ச்சை அடித்துப் பார்த்தார்.

உள்ளே இருபத்தொரு சட்டி. மஞ்சள் மஞ்சளாக முளை. வேறொன்றும் இல்லை.

ஆனால் துரை எழுந்திருக்கவில்லை. அது காற்று உள்ளே போகும் வழி. வெளிக்காற்று எல்லாம் அவருடைய வியர்த்த கழுத்தை உரசிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது. இந்த நாட்டுக்கு வந்து அந்த மனிதர் ஒரு நாளாவது காற்றாட இருந்திருப்பாரா? கண்ணை மூடிக்கொண்டார். ஆறு போலீஸ்காரர்களும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

"செத்துட்டாரா?" என்று இருசம்மாள் கூட்டத்திலிருந்து கேட்டாள்.

மறுநாள் காலை ஃபேன் பறிமுதல் ஆனது. பாதுகாப்புக் காரணம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்று மத்தியானம் அது துரையின் கொட்டகையில் சுற்றிக்கொண்டிருந்ததைத் தங்கையா பார்த்தான்.

7

கதை இங்கே சோகமாக முடிந்திருக்கலாம். முடிக்கவும் பார்த்தேன்:

'அன்று மாலைக்குள் அத்தனை முளையும்—'

[பெரியநாயகி பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். "குழா குழான்னு உயிரை விடுவீங்களே, இப்ப ஒரு வழி தெரியலியா?" என்றாள்.]

வழி தெரியும். ஃபேன் இல்லாவிட்டாலும் சூடு மேலேதான் போகும். குழாய் உயரமாக இருந்தால் இன்னும் நன்றாக இழுக்கும். அப்புசாமி குழாயை ஆறடிக்கு நீட்டினார். வெளிச்சம் தெரியாமலிருக்க உச்சியில் முழங்கை மாதிரி ஒரு வளைவு வைத்தார். கோணி காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது பெண்கள் பொறுப்பு. அரைமணிக்கு ஒருத்தி தண்ணீர் ஊற்றினாள். பெரிய தோட்டத்துக்காரிகளும் ஊற்றினார்கள். இருசம்மாள் தன் முறை வரும்முன்பே குடத்தோடு வந்து நின்றாள்.

தங்கையா கீழேயிருந்து பார்த்துவிட்டு, "பீரங்கி மாதிரி இருக்குண்ணே. ஏரோப்ளேன்லேருந்து பாத்தா குண்டு போட்டுருவான்," என்றான்.

அதற்கும் யாரோ ஒரு வழி செய்தார்கள். குழாய்க்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை கட்டி, மாலை போட்டுவிட்டார்கள். எட்டாம் நாள் அதற்குக் கற்பூரம் காட்டினார்கள். அப்புசாமி தடுக்கவில்லை. தான் செய்த வேலைக்கு மாலை விழுந்தால் யாருக்குத்தான் கசக்கும்?

8

முடிவு, முதல் வகை: எல்லாச் சட்டியும் ஏழு அங்குலம். கேட்டு திறக்கிறது. குலவைச் சத்தம். இது திருவிழா மலருக்கு நன்றாக இருக்கும்.

இரண்டாவது வகை: துரை மனம் மாறி, அளக்காமலே விட்டுவிடுகிறார். நீங்களும் நம்பமாட்டீர்கள், நானும் நம்பமாட்டேன்.

மூன்றாவது வகையை எழுத ஆரம்பித்தேன், பாதியில் கை நின்றுவிட்டது. அது இதுதான்.

பத்தாம் நாள் காலை, கேட்டில் இருபத்தொரு பெண்கள். தலையில் சட்டி. துரை நாற்காலியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறார். அளக்கிற வேலை தங்கையாவுக்கு. ஆறரை. ஏழு. ஆறேகால். ஒவ்வொன்றாக ஓரம் போகிறது. இருபது ஆயிற்று. கடைசியாகக் கமலவேணி சட்டியை இறக்கிவைக்கிறாள். நான்காம் நாள் விதைத்த சட்டி. கண்ணால் பார்த்தாலே தெரிகிறது. ஐந்து அங்குலம், மிஞ்சிப்போனால் ஐந்தேகால்.

அவள் எதுவும் கேட்கவில்லை. "தம்பி" என்றுகூடக் கூப்பிடவில்லை. வேலிக்கு அப்பால், ஓடை இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அப்புசாமி கூட்டத்துக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார். தங்கையா பொய் சொல்லி மாட்டினால் வேலை மட்டும் போகாது, ஜெயில்.

"ஏங்க நிறுத்திட்டீங்க?" என்றாள் பெரியநாயகி. "தொறந்துவிடுங்கலா!"

எனக்கும் திறக்கத்தான் ஆசை. ஆனால் பல்பு, குழாய், ஃபேன் எல்லாம் என் இஷ்டத்துக்குச் செய்தாகிவிட்டது. இந்த ஒன்றை மட்டும் நானே செய்துகொண்டால் அது வெறும் தயவு. பஸ் நிறுத்தத்தில் கேட்ட ஒரு வாக்கியத்துக்கு நான் இவ்வளவு தூரம் வந்ததே அதிகம். அதனால் இனி நீங்கள்தான் தங்கையா. குனியுங்கள். துரை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்கக் குனிந்திருக்கிறார், இந்தப் பக்கம் பார்க்கவில்லை. அடிக்கோல் உங்கள் கையில் இருக்கிறது. அதன் அடிநுனியைச் சட்டியின் மண்மேல் வைப்பீர்களா, மண்ணுக்குள் ஒரு அங்குலம் இறக்கி ஐந்தை ஆறாக்குவீர்களா?

சீக்கிரம். அவர் நிமிரப்போகிறார்.